ஈயின் நாவும் சிரட்டைப் பொறியும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடையும் பயணி, களியக்காவிளை வருவதற்குள் கேரளம் முடிந்துவிடும் என்பதைப் பெயர்ப்பலகைகளைக் கொண்டுதான் அறிகிறார். நிலத்தில் அதற்கான அடையாளம் ஏதும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆனால் இருபுறமும் அதே செம்மண், அதே தென்னை, அதே வாழை, அதே பந்தல்களில் தொங்கும் பாகலும் புடலும். பேச்சிலும் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

இப்பந்தல்களின் கீழே நடப்போர் கண்ணில் படும் ஒரு பொருள் சிரட்டை. கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்ட தேங்காய்ச் சிரட்டையில் சிறிது வெல்லக் கரைசலோ, நசுக்கிய துளசியோ, பாளையங்கோடன் வாழைப்பழத் துண்டோ இருக்கும்; அத்துடன் சிறிதளவு பூச்சிக்கொல்லியும் கலந்திருக்கும். ‘கெணி’ என்று அவ்வூரார் அழைக்கும் இப்பொறி பழ ஈக்களுக்கானது. வெல்லக் கெணி, பழக் கெணி, துளசிக் கெணி, கருவாட்டுக் கெணி எனக் கேரளத்து வேளாண் விரிவாக்கப் பணியில் நெடுநாளாகப் பரிந்துரைக்கப்பட்டு வரும் எளிய சாதனங்கள் இவை. வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியும் இப்பகுதிக்கு வெகு தொலைவில் இல்லை.

பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூரில் எல்லையோரப் பயிர்ச் செலவு பற்றிய சில விவரங்களுக்காக ஒரு பாகல் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது, இரண்டு சிரட்டைகளில் ஈக்கள் மிதப்பதையும் மூன்றாவது காலியாக இருப்பதையும் கண்டு காரணம் கேட்டேன். அறுபதைக் கடந்த அவ்விவசாயி சிரித்தார். “அதுல மருந்து கூடிப்போச்சு சாறே. அதுக்கும் நாக்கு உண்டுல்லா!” என்றார்.

ஒரு சிரட்டையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பொருளாதாரம் பயின்ற என்னை அச்சொல், பயிலாத ஒரு துறையின் நூல்களைப் புரட்ட வைத்தது. ஈக்கு நாக்கு உண்டா? உண்டெனில் வெல்லத்தின் இனிப்பு அதன் உடலில் எவ்வாறு ஒரு நரம்புச் செய்தியாக மாறுகிறது? இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் ஒரு முக்கியப் பகுதி நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது என்பதை அறிந்தபோது வியப்பும் சிறிது வெட்கமும் ஏற்பட்டன.

காலால் சுவைக்கும் உயிர்

முதலில் ஈக்களைப் பிரித்தறிய வேண்டும். பாகல், புடல், வெள்ளரி, கோவை ஆகியவற்றைக் கெடுக்கும் பழ ஈ சுகோடேகஸ் குகுர்பிட்டே என்னும் இனம். பெண் ஈ இளங்காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகின்றன. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் டிரோசோபிலா என்பது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அழுகும் வாழைப்பழத்தின் மீது மொய்க்கும் அச்சிறு ஈயை நம் சமையலறையிலேயே காணலாம். சுவை பற்றிய அறிவியலின் பெரும்பகுதி இந்தச் சிறு ஈயிடமிருந்தும், இறைச்சியை நாடும் போர்மியா ரெஜினா போன்ற பெரிய ஈக்களிடமிருந்தும் பெறப்பட்டது. அடிப்படை அமைப்பு இவ்விரு குடும்பங்களுக்கும் பொதுவானது. நுணுக்கங்களில் வேறுபாடு இருக்கலாம் என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

ஈக்கு நம்முடையது போன்ற நாக்கு இல்லை. அதன் உறிஞ்சுகுழலின் நுனியில் விரிந்துள்ள இரு மடல்களிலும், கால்களின் பாதங்களிலும், இறகுகளின் விளிம்பிலும் நுண்ணிய மயிர்கள் உள்ளன. இவற்றுள் பல சுவை மயிர்கள். 1920களில் அமெரிக்க ஆய்வாளர் மின்னிச், பசித்த ஈயின் பாதத்தைச் சர்க்கரை நீரில் தொட வைத்தால் அது உடனே உறிஞ்சுகுழலை நீட்டுவதைக் காட்டினார். ஈ நம் தட்டின் மீது நடக்கும்போதே அதைச் சுவைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விருந்தினர் முன்னிலையில் சொல்லத்தக்க செய்தி அன்று; எனினும் உண்மை.

டிரோசோபிலாவின் உறிஞ்சுகுழல் மடல் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 31 சுவை மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் உள்ளே பொள்ளலான ஒரு குழாய். அதன் நுனியில் ஒரே ஒரு துளை. மயிரின் அடியில் இரண்டு அல்லது நான்கு சுவை நரம்பணுக்களும், மயிர் வளைவதை உணரும் ஒரு தொடு நரம்பணுவும் அமர்ந்துள்ளன. சுவை நரம்பணுக்களின் மெல்லிய இழைகள் குழாயின் உட்புறமாக ஏறி நுனித்துளை வரை நீள்கின்றன. ஒன்று சர்க்கரைக்கு விழிக்கும்; ஒன்று தூய நீருக்கு; ஒன்று மிதமான உப்புக்கு; மற்றொன்று கசப்புப் பொருள்களுக்கோ மிகையான உப்புக்கோ. எல்லா மயிர்களிலும் எல்லா வகையும் இருப்பதில்லை.

இங்கு நமக்கும் ஈக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மனித நாவின் சுவை உயிரணு நரம்பணு அன்று. அது உணர்ந்ததை வேதிப்பொருள் வழியாக அருகிலுள்ள நரம்புக்குக் கைமாற்றுகிறது. ஈயின் சுவை உயிரணுவோ தானே நரம்பணு. ஒரு முனையில் அது சர்க்கரையைத் தொடுகிறது. மறுமுனையில் அதன் நீண்ட இழை நேரே மூளையின் கீழ்ப்பகுதிக்குச் செல்கிறது. இடையில் தரகர் எவரும் இல்லை.

சர்க்கரை மின்சாரமாவது

இனி அந்த மாற்றம் நிகழும் முறையைக் காண்போம். வெல்லக் கரைசலின் ஒரு துளி மயிரின் நுனியைத் தொடுகிறது. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரை. அதன் மூலக்கூறுகள் துளை வழியே நுழைந்து, மயிரினுள் நிறைந்துள்ள நீர்மத்தில் பரவி, சர்க்கரை நரம்பணுவின் இழையை அடைகின்றன. இழையின் சவ்வில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் பொதிந்துள்ளன. இவை பூட்டுகள் போன்றவை. குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறு வந்து பொருந்தினால் மட்டுமே திறக்கும்.

பூட்டு திறந்தவுடன் என்ன நடக்கிறது என்பதை உணர, நரம்பணுவின் பொருளாதாரத்தைச் சற்று அறிய வேண்டும். இச்சொல்லைப் பழக்கதோஷத்தால் பயன்படுத்தவில்லை. ஓய்வு நிலையிலுள்ள நரம்பணு ஒன்றும் செய்யாமல் இருப்பதன்று. அது உணவின் ஆற்றலைச் செலவிட்டுச் சோடியம் அயனிகளை வெளியே தள்ளியும் பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்த்தும் தன் உட்புறத்தை வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 60 முதல் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. இது முன்கூட்டியே சேமித்த மூலதனம். மேலும் மயிரின் அடியிலுள்ள துணை உயிரணுக்கள், மயிருக்குள் இருக்கும் நீர்மத்தில் பொட்டாசியத்தை மிகுதியாக இறைத்து அதற்கு நேர் மின்னழுத்தம் ஊட்டுகின்றன. ஆகவே மயிருக்குள் இருக்கும் இழை, அணைக்கு அடியில் மூடிய மதகைப் போன்றது. மேலே நீர் தேங்கி நிற்கிறது.

சர்க்கரை பொருந்தியவுடன் மதகு திறக்கிறது. நேர்மின்னேற்றமுள்ள அயனிகள் இழைக்குள் பாய்கின்றன, உள்மின்னழுத்தம் உயர்கிறது. இதற்கு ஏற்பி மின்னழுத்தம் என்று பெயர். திறந்த மதகுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இது கூடும், குறையும். ஆனால் இம்மாற்றம் இழை வழியே செல்லச் செல்லத் தேய்ந்துவிடும். மூளை வரை செல்லும் வலிமை அதற்கு இல்லை. எனவே நரம்பணுவின் உடலுக்கு அருகில் இரண்டாவது கட்டம் ஒன்று நிகழ்கிறது. அங்குள்ள சோடியம் வாயில்கள் மின்னழுத்தத்தாலேயே திறப்பவை. ஏற்பி மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் அவை ஒருசேரத் திறந்து, ஆயிரத்தில் ஒரு நொடி அளவே நீடிக்கும் ஒரு கூர்மையான துடிப்பை எழுப்புகின்றன. இத்துடிப்பு தேயாமல், ஒரே உயரத்துடன் மூளை வரை ஓடுகிறது. ஏற்பி மின்னழுத்தம் மயிரின் நுனிப்புறத்தில் தோன்றுவதும் துடிப்புகள் வேறோரிடத்தில் பிறப்பதும் என்ற இப்பாகுபாட்டை 1959இல் ஜப்பானிய ஆய்வாளர் மோரிட்டா ஈயின் மயிர்களில் ஆராய்ந்து வெளியிட்டார்.

ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவுடையதாயின், மிகுந்த இனிப்பையும் குறைந்த இனிப்பையும் மூளை எவ்வாறு வேறுபடுத்துகிறது? எண்ணிக்கையால். கரைசலின் செறிவு கூடக் கூட நொடிக்கு எழும் துடிப்புகள் கூடுகின்றன. ஓர் அளவுக்கு மேல் அவை கூடுவதில்லை. தொட்ட முதல் கணத்தில் துடிப்புகள் நெருக்கமாகப் பாய்ந்து, பின் சீராகக் குறைகின்றன. எனவே ஈயின் மூளைக்கு எட்டுவது இனிப்பு அன்று, ஓர் எண்ணிக்கை. எந்த நரம்பிழை வழியே அது வருகிறது என்பதைக் கொண்டே மூளை அதற்குப் பொருள் கொள்கிறது. சர்க்கரை இழையில் வந்தால் உண்; கசப்பு இழையில் வந்தால் விலகு. புள்ளிவிவரங்களை நம்பி முடிவெடுக்கும் நம் அலுவலகங்களுக்கு இது புதிதன்று; எந்தப் பத்தியில் எண் நிற்கிறது என்பதுதானே அங்கும் பொருளைத் தீர்மானிக்கிறது.

இத்துடிப்புகளை அளந்தது எப்படி என்பதும் அறியத்தக்கது. 1955இல் ஹாட்சன், லெட்வின், ரோடர் என்னும் மூவர் ஒரு நுட்பத்தை வெளியிட்டனர். நுண்ணிய கண்ணாடிக் குழாயில் சர்க்கரைக் கரைசலுடன் மின்சாரம் கடத்துவதற்குச் சிறிது உப்பையும் சேர்த்து, அதை ஒரே ஒரு மயிரின் நுனியில் தொப்பி போல் பொருத்தினர். அக்கரைசலே சுவையூட்டும் பொருள். அதுவே மின்வாயும் ஆகும். ஒரே செலவில் இரு பணிகள். மயிருக்குள் எழும் துடிப்புகள் கருவியின் திரையில் வரிசையாகத் தோன்றும். அவற்றின் உயரத்தையும் வடிவத்தையும் கொண்டு எந்த நரம்பணு பேசுகிறது என்று பிரித்தறியலாம். சுவை பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு இம்முறையே அடித்தளம்.

பம்பாயில் ஒரு சுவையறியா ஈ

இக்கதை பின்னர் பம்பாய்க்கு வருகிறது. ஹோமி பாபாவின் அழைப்பின் பேரில் ஒபெய்த் சித்திக்கி 1962இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். முதலில் நுண்ணுயிர்களின் மரபியலில் உழைத்த அவர், 1970களில் நரம்பு மண்டலத்தின் பக்கம் திரும்பினார். கென்யாவில் பிறந்து அயர்லாந்தில் பயின்ற வெரோனிகா ரோட்ரிகஸ் என்னும் இளம் பெண் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து சேர்ந்தார். சுவையையும் மணத்தையும் சரியாக உணராத ஈக்களைத் தேடிப் பிடித்து, அக்குறை எந்த மரபணுவால் வந்தது என்று காண்பதே இருவரின் திட்டம்.

கேட்பதற்கு விந்தையான வழி. ஒரு கடிகாரம் எப்படி ஓடுகிறது என்றறிய, ஆயிரக்கணக்கான கடிகாரங்களில் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பல்லை உடைத்து, எது நின்றுபோகிறது என்று பார்ப்பது போன்றது இது. ஆனால் ஈக்களின் பெருக்கம் விரைவானது, தீனி மலிவானது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான அக்காலத்தில் விலையுயர்ந்த கருவிகளுக்குக் காத்திராமல் சிந்தனையையும் பொறுமையையும் முதலீடாக்கிச் செய்யத்தக்க ஆய்வு இது. மருந்தால் மரபணு மாற்றமடைந்த ஈக்களின் வழித்தோன்றல்களுக்குச் சர்க்கரையும் கசப்பான குவினைனும் கொடுத்து, வழக்கத்துக்கு மாறாக நடப்பவற்றைப் பிரித்தெடுத்தனர்.

1978இல் இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் அவ்விருவரின் கட்டுரை வெளிவந்தது. 1981இல் அவர்கள் விளக்கிய ஒரு வகை ஈ மிகவும் குறிப்பிடத்தக்கது. குளுக்கோஸ், சுக்ரோஸ் போன்ற பைரனோஸ் வகைச் சர்க்கரைகளை உணர்வதில் அதற்குக் குறை இருந்தது. பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையை உணர்வதில் அக்குறை இல்லை. இதன் பொருள் என்ன? மூளையிலோ நரம்பிழையிலோ பழுது இருந்தால் எல்லா இனிப்பும் மங்க வேண்டும். ஒரு வகை மட்டும் மங்கினால் பழுது வாயிலில்தான் உள்ளது. ஒரே சர்க்கரை நரம்பணுவின் சவ்வில் வெவ்வேறு சர்க்கரைகளுக்கு வெவ்வேறு ஏற்பிகள் உள்ளன என்ற கருத்துக்கு மரபியல் வழியே கிடைத்த வலுவான சான்று இது. ஏற்பிப் புரதம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத காலத்தில், அதன் இருப்பை இன்மையால் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, 1982இல், ஜப்பானில் தனிமுராவும் உடனுழைத்தோரும் டிரெகலோஸ் என்னும் சர்க்கரையை உணர்வதில் ஈக்களிடையே பரம்பரை வேறுபாடு இருப்பதைக் கண்டனர். அதன் பின் நெடிய இடைவெளி. ஈயின் மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்ட 2000ஆம் ஆண்டில்தான் சுவை ஏற்பி மரபணுக் குடும்பம் வெளிப்பட்டது. பின்னர் எண்ணிப் பார்க்கையில் 60 மரபணுக்கள், அவற்றிலிருந்து 68 புரதங்கள். தனிமுரா கண்ட வேறுபாட்டுக்குக் காரணம் அவற்றுள் ஜிஆர் 5ஏ என்னும் ஒன்று என 2001இல் உறுதியாயிற்று.

சித்திக்கி 1990களில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார். ரோட்ரிகஸும் பின்னர் அங்கு பணியாற்றினார். ரோட்ரிகஸ் 2010இலும் சித்திக்கி 2013இலும் மறைந்தனர். இவ்விருவரின் பணியை நம் கல்லூரிப் பாடநூல்களில் ஒரு பத்தியாகவேனும் காண விரும்புகிறேன்.

வாயிலா, தூதுவனா?

ஒரு கேள்வி நெடுநாள் தீராமல் இருந்தது. மனிதனின் இனிப்பு ஏற்பி தானே மதகன்று. அது சர்க்கரையை உணர்ந்ததும் உயிரணுவுக்குள் தூதுப் புரதங்களை எழுப்பி, அவை வேறொரு வாயிலைத் திறக்கின்றன. ஈயிலும் அவ்வாறே என்று பலர் கருதினர். அத்தகைய தூதுப் புரதங்களுக்கு அங்கும் பங்குண்டு எனக் காட்டும் ஆய்வுகளும் வந்தன. ஆனால் 2011இல் பட்டுப்பூச்சியின் பிரக்டோஸ் ஏற்பி தானே அயனி வாயிலாக இயங்குவது தெரியவந்தது. 2024இல் பூச்சிகளின் சர்க்கரை ஏற்பிகள் சிலவற்றின் முப்பரிமாண அமைப்பு வெளியிடப்பட்டது. நான்கு புரத அலகுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. சர்க்கரை வந்து பொருந்துகையில் அத்துளை திறக்கிறது. பூட்டும் மதகும் ஒன்றே. தூதுப் புரதங்கள் இதனுடன் எவ்வளவு கைகோக்கின்றன என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

அதே 2024இல் டிரோசோபிலாவின் முழு மூளையிலுள்ள 1,39,255 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடமும் வெளிவந்தது. சர்க்கரை நரம்பணுவில் எழும் துடிப்பு எந்தெந்த அணுக்கள் வழியே சென்று உறிஞ்சுகுழலை நீட்டச் செய்கிறது என்பதை இப்போது கணினியில் பின்தொடர முடிகிறது.

கசப்பின் தடை

பாறசாலை விவசாயியின் சொல்லுக்கு இனித் திரும்பலாம். வெல்லத்தில் நஞ்சு கூடினால் ஈ ஏன் விலக வேண்டும்?

கசப்புப் பொருள் ஈயை இரு வழிகளில் தடுக்கிறது. கசப்பு நரம்பணு துடித்து மூளைக்கு ‘விலகு’ என்று கூறுவது ஒரு வழி. அதற்கும் முன்பே, மயிரின் உள்ளேயே மற்றொன்று நிகழ்கிறது: குவினைன் போன்ற பொருள்கள் சர்க்கரை நரம்பணுவின் துடிப்பையே குறைத்துவிடுகின்றன. 2003இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 2013இல் மயிரின் நீர்மத்தில் மிதக்கும் ஒரு புரதம் கசப்பு மூலக்கூறைத் தாங்கிச் சென்று சர்க்கரை ஏற்பியை அடக்குவது அறியப்பட்டது. அதாவது, கசப்புக் கலந்த வெல்லம் ஈக்கு ‘கசப்பான இனிப்பு’ அன்று. இனிப்பே குறைந்த வெல்லம்.

எந்தப் பூச்சிக்கொல்லி எந்த ஈயின் எந்த அணுவைத் தூண்டுகிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சில நஞ்சுகளின் நாற்றமே ஈயை அண்டவிடாது. அங்கு நாவுக்கு வேலையே இல்லை. ஆனால் உண்ணத் தூண்டும் செய்தியும் உண்ணாதே என்னும் செய்தியும் ஒரே மயிருக்குள் மோதுகின்றன என்பதே பொறி வைப்போர் கருத வேண்டியது. பயிருக்குத் தெளிக்கும் மருந்து பூச்சியின் மேல் பட்டாலே போதும். பொறியில் வைக்கும் மருந்தைப் பூச்சி தானே விரும்பி உண்ண வேண்டும். ‘மருந்து கூடினால் பலன் கூடும்’ என்ற தெளிப்பான் காலத்துக் கணக்கு இங்கு பொருந்தாது.

இதில் பணமும் நலமும் கலந்துள்ளன. பாகலும் புடலும் சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுபவை. பந்தல் முழுவதும் தெளித்த மருந்து ஆறுவதற்குள் காய் சந்தைக்குச் சென்றுவிடும். சிரட்டைக்குள் இருக்கும் நஞ்சோ காயைத் தொடுவதில்லை; செலவும் தெளிப்புச் செலவில் சிறு பங்கே. ஆனால் சிரட்டை காலியாக இருந்தால் விவசாயி பொறுப்பதில்லை. இளங்காய்கள் வெம்பி விழுவதைக் கண்டதும் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். பொறியின் தோல்வி சமையலறையில் போய் முடிகிறது. வாழைப்பழப் பொறியில் முன்பு பெரிதும் பயன்பட்ட கார்போபியூரான் குருணைக்கும் வேறு பல பூச்சிக்கொல்லிகளுக்கும் கேரள அரசு 2011இல் தடை விதித்தது. அதன் பின் மாற்று மருந்துகளைத் தேடும்போது ஈயின் சுவையும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று.

ஒன்றை இங்கு தெளிவுபடுத்த வேண்டும். கியூ லூர் போன்ற இனக்கவர்ச்சிப் பொறிகளும் இப்பகுதியில் பயனில் உள்ளன. அவை மணத்தால் இயங்குபவை. ஆண் ஈக்களையே ஈர்ப்பவை. துளசிப் பொறியும் பெருமளவில் அவ்வகையே, ஏனெனில் துளசியில் உள்ள மெத்தில் யூஜினால் மாம்பழ ஈயின் ஆண்களை இழுக்கிறது. காயைத் துளைப்பதோ பெண். அதை உண்ண வரவழைக்க உணவு வேண்டும். முட்டை முதிர அதற்குப் புரதமும் தேவை என்பதால் கருவாட்டுப் பொறிக்கு ஒரு நியாயம் உண்டு. தொலைவிலிருந்து அழைப்பது மணம். வந்த ஈ விழுங்குமா என்பதைத் தீர்மானிப்பது நாவு.

இதனிடையே ஒரு புதிர். நமக்கு அவ்வளவு கசக்கும் பாகலுக்குள் முட்டையிட அந்த ஈ தயங்குவதே இல்லை. கசப்பு என்பது பாகலில் இருக்கும் பண்பன்று. பாகலின் மூலக்கூறும் உண்பவரின் ஏற்பியும் சேர்ந்து செய்யும் ஏற்பாடு. செஷல்ஸ் தீவுகளில் நோனிப் பழத்தையே நம்பி வாழும் ஒரு டிரோசோபிலா இனம் தன் சுவை ஏற்பி மரபணுக்களை அதன் உறவினங்களைவிட விரைவாக இழந்து வந்திருப்பது 2007இல் அறியப்பட்டது. பிறர் கசப்பென விலக்கும் உணவை உண்பவருக்குப் போட்டி குறைவு.

கரப்பான் தந்த பாடம்

பொறி வைப்போர் அறிய வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி ஈயைப் பற்றியதன்று. 1980களின் இடையில் அமெரிக்காவில் வீட்டுக் கரப்பான்களைக் கொல்ல, குளுக்கோஸ் கலந்த நஞ்சுணவு பரவலாக வைக்கப்பட்டது. தொடக்கத்தில் அது மிகச் சிறப்பாக வேலை செய்தது. சில ஆண்டுகளில் புளோரிடாவின் சில கரப்பான்கள் அதைத் தொடவில்லை. அவை நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் பெறவில்லை; குளுக்கோஸையே வெறுத்தன என்று 1993இல் தெரியவந்தது. அவ்வெறுப்பு குஞ்சுகளுக்கும் பரம்பரையாக இறங்கியது. 2013இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார், மேலே நாம் கண்ட அதே வகை முறையில் அக்கரப்பான்களின் சுவை மயிர்களிலிருந்து துடிப்புகளைப் பதிவு செய்தனர். குளுக்கோஸ் பட்டதும் சர்க்கரை அணுவுடன் கசப்பு அணுவும் துடித்தது! பிரக்டோஸ் முன்போலவே இனித்தது. வாயில் மாறிவிட்டது, மூளை மாறவில்லை.

இனிப்பை நஞ்சோடு இணைத்தே ஓயாது பரிமாறினால், இனிப்பைக் கசப்பாக உணரும் ஒருசில உயிர்களே எஞ்சிப் பெருகும். நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பழ ஈக்களிடம் அவ்வாறு நேர்ந்துள்ளது என்று நான் கூறவில்லை. இங்குள்ள ஈக்களுக்கு எல்லையின் இருபுறமும் காட்டுக் கோவையும் வேலியோரக் கொடிகளும் தாராளமாக உண்டு. பொறியை அறியாத ஈக்கள் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு வகையில் அது நற்பேறு. ஆயினும் பருவம் முழுதும் ஒரே இரையை வைப்பதைவிட வெல்லத்தையும் பழத்தையும் கருவாட்டையும் மாற்றி மாற்றி வைக்கும் பழைய வழக்கம், காரணம் தெரியாமலே செய்யப்பட்டிருந்தாலும், நல்ல வழக்கமே. உதிர்ந்த காய்களைத் தோட்டத்திலேயே விடாமல் திரட்டி அழிப்பதும் அதனினும் பயனுள்ளது. அதற்கு எந்த ஈயின் விருப்பமும் தேவையில்லை.

இப்பகுதிக்கே உரிய ஒரு செய்தியையும் சேர்க்கலாம். பனையேற்றம் நடக்கும் தோட்டங்களில் அக்கானி காய்ச்சும் இடத்தைச் சுற்றி ஈக்களுக்குச் சர்க்கரை தாராளம். 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மிகையான சர்க்கரையை உண்டு வளர்ந்த டிரோசோபிலாவின் சர்க்கரை அணுக்கள் அதே இனிப்புக்குக் குறைவாகவே துடிக்கின்றன. பசித்த ஈயின் அணுக்களோ மிகுதியாகத் துடிக்கின்றன என்பது முன்பே தெரிந்தது. கருப்பட்டிக் கொப்பரைக்கு அருகில் வெல்லப் பொறி வைப்பது கல்யாண வீட்டு வாசலில் பொட்டலச் சோறு விற்பதற்கு ஒப்பாகலாம்.

கிருஷி பவன் அலுவலர்களும் வேளாண் மாணவர்களும் இவற்றைச் சோதிக்க நுண்குழாயும் மின்கருவியும் தேவையில்லை. ஒரே பந்தலில், ஒரே உயரத்தில், சில அடி இடைவெளியில் மூன்று சிரட்டைகள்: ஒன்றில் பரிந்துரைத்த அளவு மருந்து, ஒன்றில் அதில் பாதி, ஒன்றில் இரு மடங்கு. வெல்லக் கரைசல் மூன்றிலும் ஒரே பானையிலிருந்து ஊற்றப்பட வேண்டும். நாள்தோறும் இடங்களை மாற்றி வைத்து, விழுந்த ஈக்களை ஆண், பெண் எனப் பிரித்து எண்ணிப் பள்ளி நோட்டில் குறிக்கலாம். முட்டையிடும் கூரிய வால்நுனி பெண்ணுக்கே உண்டாதலால் பிரிப்பது கடினமன்று. இரு வாரங்களில் ஒரு வட்டாரத்துக்குரிய விடை கிடைத்துவிடும். எண்ணும் வேலையை மட்டும் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறியபின் சென்றால் எறும்புகள் பாதிக் கணக்கை இழுத்துச் சென்றிருக்கும் என்று அந்த விவசாயியே என்னிடம் எச்சரித்தார்.